இடது காது மௌனம்

நாடகப் பள்ளியின் நடிப்பு வாத்தியாருக்கு மௌன வாத்தியார் என்று பெயர். அவர் பேசாத மனிதர் என்பதால் அல்ல. பேச ஆரம்பித்தால் அடுத்த வகுப்புக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை நிறுத்த மாட்டார். மேடையில் ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே அவர் விடும் இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர்.

அந்த இடைவெளியைப் பார்க்கவே ஜனம் டிக்கெட் வாங்கியது. தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்ப்பார். கண் பாதி மூடும். உதடு திறந்து, திறந்தபடியே நிற்கும். குண்டூசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, ஒருமுறை நிஜமாகவே விழுந்தது. ஐந்தாவது வரிசையில் இருந்த தையல்காரர் குனிந்து எடுத்துக்கொண்டார். இன்னொரு முறை மௌனம் அவ்வளவு நீண்டதில், கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு ஜோடி தங்கள் விஷயத்தை நிதானமாக யோசித்துப் பார்த்து, மனம் மாறி, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறியது. வாசலில் டீ விற்பவர் இடைவேளை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே வந்து நாற்பது டீ விற்றுவிட்டுப் போனார். வாங்கிய யாரும் சர்க்கரையைக் கலக்கவில்லை. கரண்டிச் சத்தம் கேட்குமே.

எல்லாவற்றுக்கும் சிகரம், அவர் நீதிபதியாக நடிக்கும் நாடகம். கடைசிக் காட்சியில் தீர்ப்புச் சொல்லும் முன், 'ஜன்னலைச் சாத்துங்கள்' என்று ஒரு வரி வரும். எழுதியவர் அதைத் தெருச் சத்தத்துக்காகத்தான் எழுதினார். ஆனால் வாத்தியார் அந்த வரிக்கு முன்னால் நாற்பது வினாடி நின்று, பிறகு சொன்னபோது அரங்கமே அழுதது. ஜன்னலைச் சாத்தச் சொன்னதற்கு ஐந்நூறு பேர் அழுததைக் கண்டு எழுதியவரும் அழுதார். தான் இவ்வளவு ஆழமாக எழுதுவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இதையெல்லாம் வாத்தியார் பத்தொன்பது வருஷமாகப் பாடமாக நடத்தி வந்தார். 'மௌனத்தின் ஏழு நிலைகள்' என்று பதினான்கு பக்கத்தில் குறிப்பு போட்டு, நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுப்பார். அவர்களும் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கண்ணைப் பாதி மூடிப் பழகினார்கள். அவரிடம் படித்த ஒருவர் இப்போது டி.வி.யில் செய்தி வாசிக்கிறார். வெள்ளச் செய்தி என்றால் தலை சாயும். பள்ளி இருந்த தெருவில் கழுத்து வலி வைத்தியர் ஒருவர் கடை போட்டு, இரண்டு வருஷத்தில் மாடி கட்டிவிட்டார்.

இந்த வருஷம் ஒரு சிக்கல் வந்தது. பள்ளியில் இடம் போதவில்லை. இனி ஒரே ஒரு நடிப்பு வகுப்புதான் என்று முதல்வர் அம்மா அறிவித்துவிட்டார். அது மௌன வாத்தியாருக்கா, உடலசைவு வாத்தியாருக்கா என்பது ஆண்டு நாடகத்தைப் பார்த்து முடிவாகும். மூன்று நாள் நாடகம். மூன்றாம் நாள் கமிட்டி வரும். உடலசைவு வாத்தியாருக்கு வில்லு என்று பட்டப்பெயர். பின்பக்கமாக வளைந்து தன் குதிகாலைத் தானே பார்க்கக்கூடியவர். அவர் வகுப்பில் பிள்ளைகள் தலைகீழாக நின்றுதான் வசனம் பேச வேண்டும். அப்போதுதான் வார்த்தை தலையிலிருந்து வாய்க்கு இறங்கும் என்பது அவருடைய கட்சி.

மௌன வாத்தியார் அதே நீதிபதி நாடகத்தை எடுத்துக்கொண்டார். தான் நீதிபதி, மற்ற எல்லாரும் மாணவர்கள். "நாடகம் முடியறதுக்குள்ள வில்லு முறிஞ்சுடுவான் பாரு," என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவி இருமினாள்.

அந்த இருமலைப் பற்றிச் சொல்லும் முன் இன்னொரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மௌன வாத்தியாருக்கு ஒரு வசனமும் தெரியாது.

இந்த நாடகத்தில் மட்டும் அல்ல, எந்த நாடகத்திலும். இருபத்தாறு வயதில் அவர் ஒரு நாடகக் கம்பெனியில் ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்றாவது சேவகனாக இருந்தார். ஒருநாள் கதாநாயகனுக்கு மஞ்சள் காமாலை. மாலை நாடகம், மத்தியானம் மூன்று மணிக்கு மூன்றாவது சேவகனைக் கதாநாயகனாக்கினார்கள். உடுப்பு அவருக்குப் பொருந்தியதுதான் காரணம். பக்கத்திரைக்குப் பின்னால் ஸ்டூலில் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கிசுகிசுத்தாள். அவள் சொன்னதை இவர் உரக்கச் சொன்னார். மூன்று மணி நேரத்தில் முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்த மேதை என்று மறுநாள் ஊரே பேசியது. இவர் ஒரு வாரம் யோசித்து அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். காதலா என்று கேட்டால் காதல்தான். அதில் கொஞ்சம் முன்யோசனையும் இருந்தது.

அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம். ஒவ்வொரு நாடகத்துக்கும் மனைவி கூடவே வருவாள். இடப்பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காருவாள். புருஷன்மேல் இவ்வளவு பிரியமா என்று மற்ற நடிகைகள் பெருமூச்சு விட்டார்கள். இவர் இயக்குநரானதும் எல்லா நாடகத்திலும் சிம்மாசனம், சோபா, மரணப் படுக்கை எதுவானாலும் இடப்பக்கமே போட்டார். அதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. பள்ளி மேடையின் இடப்பக்கப் பலகை தேய்ந்து, வலப்பக்கத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்துவிட்டது. கோலி ஒன்றை மேடையில் எங்கே வைத்தாலும் உருண்டு வந்து வாத்தியாரின் காலடியில் நிற்கும்.

அவள் சொல்ல வேண்டும், இவர் காதில் வாங்க வேண்டும், பிறகு பேச வேண்டும். அந்த இடைவெளிதான் உலகம் கொண்டாடிய மௌனம். இந்த ரகசியம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பெரிய காரியமில்லை. மறைத்த சோற்றை முப்பத்திரண்டு வருஷம் யாரும் கிளறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

இப்போது இருமல்.

நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொண்டை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல ரெண்டு முடிச்சு இருக்கு. அம்மா, நீங்க பாட்டு டீச்சரா?"

மனைவி இல்லை என்று தலையாட்டினாள்.

"மார்க்கெட்ல ஏலம் விடறவங்களா?"

"வீட்லதான் இருக்கா டாக்டர்," என்றார் வாத்தியார்.

"கத்தறவங்களுக்கு இப்படி வராது. வருஷக்கணக்கா கிசுகிசுன்னு பேசறவங்களுக்கு வரும். யார்கிட்ட இவ்வளவு ரகசியம் பேசுனீங்க?"

வாத்தியார் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது. சிரிக்கக்கூடக் கூடாது. கிசுகிசுத்தீங்க, அப்புறம் குரலே போயிடும்," என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் மனைவி ஒரு கடையில் நின்று, குழந்தைகள் எழுதி அழிக்கும் சிலேட்டு ஒன்று வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அதில் முதல் வாக்கியத்தை எழுதிக் காட்டினாள்: 'மனப்பாடம் பண்ணுங்க.'

வாத்தியார் கணக்குப் போட்டார். வேறு ஆளை ஸ்டூலில் உட்கார வைக்கலாம் என்றால், உட்காருபவருக்கு விஷயம் தெரிந்துவிடும். விஷயம் தெரிந்தால் பத்தொன்பது வருஷம் கழுத்தைச் சாய்த்தவர்கள் எல்லாரும் கிளம்பி வருவார்கள். வகுப்பு போவது இருக்கட்டும், தெருவில் நடக்க முடியாது.

வேறு வழியில்லாமல் மகளிடம் போனார். மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலையிலிருந்து மாலைவரை காரில்தான் இருப்பாள். அதனால் வாத்தியார் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். முன்சீட்டில் யாராவது ஒருவர் வியர்க்க வியர்க்க ஓட்டப் பழகுவார். மகள் ஒரு கையில் நாடகப் பிரதி, ஒரு கால் தன் பக்கத்து பிரேக்கில்.

"அப்பா, இது நீங்க நூத்தி நாப்பது தடவை போட்ட நாடகம்தானே?"

"போட்டது வேற. தெரிஞ்சுக்கறது வேற."

"சரி, சொல்லுங்க. 'உன்னை நான் முதன்முதலில் பார்த்தபோது...'"

"உன்னை நான் முதன்முதலில் பார்த்தபோது... நீ வந்து..."

மகள் பிரேக்கை மிதித்தாள். ஓட்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் ஸ்டியரிங்கில் மோதிக்கொண்டு, "நான் சரியாத்தானே போனேன்?" என்றார்.

"உங்களை இல்ல சார். அப்பாவை. அப்பா, அடுத்த வரியில திரும்பணும்னா இந்த வரியிலயே தயாராகணும். முனைக்கு வந்து யோசிக்கக் கூடாது. மறுபடி."

"உன்னை நான் முதன்முதலில் பார்த்தபோது நீ தொட்டிலில் கிடந்தாய். அம்மா உன்னை என் மடியில் வைத்து, இவன் உன் தம்பி என்றாள்." வாத்தியார் நிறுத்தினார். "யாரு தம்பி?"

"கூண்டுல நிக்கறவன்ப்பா."

"குற்றவாளி என் தம்பியா?"

மகள் மறுபடி பிரேக்கை மிதித்தாள். இந்த முறை தெரியாமல்.

வாத்தியார் சொல்வது நியாயம்தான். வரி வரியாகக் காதில் வாங்கி வரி வரியாக வெளியே விட்டவருக்கு முழுக் கதை எப்படித் தெரியும்? தபால்காரர் கடிதத்தையா படிக்கிறார்? அன்று மாலை வீட்டில் அவர் பிரதியை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நல்ல நாடகமாக இருக்கிறதே என்று தோன்றியது. 'தம்பின்னு நீ சொல்லவே இல்லையே' என்று மனைவியைக் கேட்டார். அவள் சிலேட்டில் எழுதினாள்: 'நூத்தி நாப்பது தடவை சொன்னேன்.'

பதினாறு நாளில், ஏழு டிரைவிங் மாணவர்களின் நெற்றி வீங்கிய பிறகு, வாத்தியாருக்கு நாடகம் தலைகீழ்ப் பாடமானது. ஏழு பேரில் மூன்று பேருக்கும் அப்படியே பாடமாகிவிட்டது. பல் டாக்டர் இன்றும் பல் பிடுங்கும்முன் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார்.

இதற்கிடையில் ஒரு மாணவி வீட்டுக்கு வந்தாள். நெட்டை என்று கூப்பிடுவார்கள்; மேடையில் ஜன்னலைச் சாத்தும் சேவகர் வேடம் அவளுக்கு, ஏணி இல்லாமல் சாத்தக்கூடியவள் என்பதால். வாத்தியார் குளித்துக்கொண்டிருந்தார். நெட்டை தன் குறிப்பை விரித்து வைத்துக்கொண்டு சந்தேகத்தை மனைவியிடமே கேட்டாள்.

"ஆன்ட்டி, நாலாவது நிலையில 'மௌனத்தின்போது நான் கதாபாத்திரத்தின் அடிவயிற்றுக்குள் இறங்கி, அங்கே ஒரு விளக்கை ஏற்றுகிறேன்'னு சார் எழுதியிருக்காரு. அந்த விளக்கு எனக்கு ஏறவே மாட்டேங்குது. சார் வீட்ல எப்படிப் பழகுவாரு?"

மனைவி அந்தப் பதினான்கு பக்கத்தை முதல்முறையாகக் கையில் வாங்கினாள். நின்றபடி ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்து, கடைசிவரை படித்தாள். டாக்டர் சிரிக்கக் கூடாது என்றிருந்ததால் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கடைசிப் பக்கத்தில் வாத்தியார் தன் குருமார்கள் பன்னிரண்டு பேருக்கும், ரசிகப் பெருமக்களுக்கும், மேடை விளக்குக்காரருக்கும், நகலெடுத்த கடைக்கும் நன்றி சொல்லியிருந்தார். அதைப் படித்ததும் தோள் நின்றுவிட்டது.

"அழறீங்களா ஆன்ட்டி? எனக்கும் அந்த இடத்துல அழுகை வந்துச்சு," என்றாள் நெட்டை.

முதல் நாள் நாடகம். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மனைவி முன்வரிசையில் உட்கார்ந்தாள். இத்தனை காலமும் அவள் பார்த்தது அவருடைய இடது காதை மட்டும்தான்.

வாத்தியார் எல்லா வசனத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தெரிந்த வசனத்தைச் சொல்வதில் இருக்கும் சுகம் அவருக்குப் புதுசு. எதிராளி முடிக்கும் முன்பே இவருடைய பதில் வந்து நின்றது. மாணவர்கள் வழக்கப்படி தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்கள். நிமிர்வதற்குள் காட்சியே முடிந்துவிட்டது. 'ஜன்னலைச் சாத்துங்கள்' என்பதை, கடைக்காரரிடம் அரைக் கிலோ உப்பு கேட்பதுபோல் சொல்லிவிட்டுத் தீர்ப்புக்குப் போனார். இரண்டரை மணி நேர நாடகம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஜனம் கைதட்டுவதா, இடைவேளையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, முந்தின பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு போனது.

முதல்வர் அம்மா ஒப்பனை அறைக்கு வந்தார். "உடம்புக்கு ஏதாவது முடியலையா சார்?"

"நல்லா இருக்கேனே."

"இல்ல, ரயிலைப் பிடிக்கப் போறவர் மாதிரி பேசுனீங்க. வில்லு சார் வேற பின்வரிசையில இருந்தாரு. நாடகம் முடிஞ்சதும் நேரா நடந்து போனாரு. அவர் நேரா நடந்து நான் பார்த்ததே இல்லை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். "நீ சொல்லு. ஒரு வரி தப்பா?"

அவள் எழுதினாள்: 'ஒரு வரியும் தப்பில்லை. தூக்கம் வந்துச்சு.'

இரண்டாம் நாள் வாத்தியார் மௌனத்தைத் தானே போட்டுக்கொள்வது என்று தீர்மானித்தார். தானே சொல்லிக்கொடுத்த ஏழு நிலை இருக்கிறதே. தலையைச் சாய்த்தார், கண்ணைப் பாதி மூடினார், மனதுக்குள் இருபதுவரை எண்ணினார். இருபது எண்ணும் நீதிபதியின் முகம், கேஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசிப்பவர் முகம்போல இருந்தது. உதடும் எண்களுக்கு ஏற்ப அசைந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை அதைப் பார்த்துக் கூடவே எண்ணியது. இவர் பதினேழில் இருக்கும்போது அது இருபதைச் சொல்லிவிட்டது.

நாடகம் முடிந்ததும் நெட்டை தயங்கித் தயங்கி வந்தாள். "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"முன்னாடியெல்லாம் நீங்க அந்த இடத்துல நினைக்க மாட்டீங்க சார். கேப்பீங்க. உலகத்துல வேற எதுவுமே இல்லாத மாதிரி எதையோ கேட்டுக்கிட்டு நிப்பீங்க. இப்ப நினைக்கறீங்க."

வாத்தியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாது. ஆனால் விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்திருக்கிறது. இனி முழுதாகத் தெரிய எத்தனை நாளாகும்?

மறுநாள் காலை அவர் மனைவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம். மௌனம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு இடத்துல அஞ்சு வினாடி, ஒரு இடத்துல முப்பது. எவ்வளவு நேரம் விடணும்னு நீ எப்படி முடிவு பண்ணுவே?"

அவள் எழுதினாள்: 'பக்கம் முடியணும்.'

"நாடகப் பிரதியிலயா?"

'தொடர்கதை.'

ஸ்டூலில் அவள் மடியில் பிரதி இருக்கும். பிரதியின் மேல் வாரப் பத்திரிகை இருக்கும். எதிராளி பேசும் நேரத்தில் தொடர்கதையில் இரண்டு வரி படிப்பாள். இவர் முறை வந்ததும் படித்துக்கொண்டிருந்த பத்தியை முடித்துவிட்டு வசனத்தைச் சொல்வாள். நாற்பது வினாடி மௌனம் நடந்த அன்று, தொடர்கதையின் நாயகி மொட்டைமாடி விளிம்பில் நின்றாள். அவள் குதித்தாளா இல்லையா என்று தெரியாமல் ஒரு மனுஷியால் எப்படி ஜன்னலைச் சாத்தச் சொல்ல முடியும்?

வாத்தியார் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "குதிச்சாளா?" என்றார்.

'இல்லை. கீழே காய்கறிக்காரன் கூப்பிட்டான்.'

"சரி, கேளு. இன்னைக்குக் கமிட்டி வருது. வகுப்பு போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்? ஈட்டி பிடிக்கவா போக முடியும்? நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். வசனம் எனக்குத் தெரியும். பழைய இடத்துல உக்காந்து தொடர்கதை படி. படிச்சு முடிச்சதும் தலையை ஆட்டு. நான் பேசறேன். அவ்வளவுதான்."

அவள் எழுதினாள்: 'சரி.'

இவ்வளவு சுலபமாக ஒரு 'சரி' கிடைத்தால் அதற்குள் எதுவோ இருக்கிறது என்பது முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குத்தான் சொல்லிக்கொடுக்காத எதுவும் தெரியாதே.

மூன்றாம் நாள் கமிட்டி ஐந்து பேரும் முன்வரிசையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர். நாடகம் தெரியாது, ஆனால் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்பது அவருக்குக் கேட்டாலே தெரியும்.

ஓடியது. முதல் மௌனத்திலேயே ஐந்து பேரும் முன்னால் சாய்ந்தார்கள். வாத்தியார் தலையைச் சாய்ப்பார். திரைக்குப் பின்னால் மனைவி தொடர்கதையில் இருப்பாள். அவள் தலை எப்போது அசையும் என்று அவருடைய உயிரெல்லாம் அந்தப் பக்கமே இருக்கும். அசையும், பேசுவார். பதினொரு மௌனம், பதினொன்றும் பத்தரை மாற்றுத் தங்கம். பின்வரிசையில் வில்லு மெல்ல மெல்ல வளைந்தார்.

கடைசிக் காட்சி. கூண்டில் தம்பி. வலப்பக்கம் ஜன்னலில் கை வைத்தபடி நெட்டை. வாத்தியார் தலையைச் சாய்த்தார்.

மனைவி பத்திரிகையை மூடி ஸ்டூலின் கீழே வைத்தாள். தலையை ஆட்டவில்லை. சிலேட்டை எடுத்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள்.

'வகுப்பு எனக்கு.'

வாத்தியார் படித்தார். கண் பாதி மூடியிருந்ததால் சரியாகப் படிக்கவில்லையோ என்று முழுதாகத் திறந்து மறுபடி படித்தார். கமிட்டியில் ஒரு அம்மாள், "ஐயோ, அந்தக் கண்ணைப் பாருங்க," என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தாள்.

வசனம் அவருக்குத் தெரியும். நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. இரண்டே வார்த்தை, சொல்லிவிட்டால் வகுப்பு அவருடையது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் சொன்னால் அடுத்த நாடகத்துக்கு ஸ்டூல் காலியாக இருக்கும். அதற்கடுத்த நாடகத்துக்கும். வகுப்பை வாங்கி வைத்துக்கொண்டு எதைச் சொல்லிக்கொடுப்பது? இருபதுவரை எண்ணவா?

அவர் கொஞ்சம் இரக்கத்தை எதிர்பார்த்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சிலேட்டை அழித்து எழுதினாள்: 'நகலெடுத்த கடைக்கு நன்றி சொன்னீங்க.'

இப்போது அவருக்கு நிஜமாகவே சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நாற்பது வினாடி போய், ஒரு நிமிஷமும் போய், இரண்டாவது நிமிஷம் நடந்துகொண்டிருந்தது. கூண்டில் நின்ற தம்பி, எந்த ஒத்திகையிலும் அழாத பையன், அண்ணன் முகத்தைப் பார்த்துத் தேம்பினான். மாடத்தில் ஒரு புறா கத்த வாயைத் திறந்து, வேண்டாம் என்று மூடிக்கொண்டது.

வாத்தியார் தலையசைத்தார். நீதிபதி தலையசைப்பதாகப் பிரதியில் எங்கும் கிடையாது.

மனைவிக்கு அது போதவில்லை. அழித்து எழுதினாள்: 'நீங்களே கமிட்டிகிட்ட சொல்லணும். எல்லாத்தையும்.'

இதற்கு மூன்றாவது நிமிஷமும் போனது. கடைசியில் அவர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி தலையசைத்தார். அவள் சிலேட்டை மடியில் வைத்துவிட்டு, மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"ஜன்னலைச் சாத்துங்கள்," என்றார் வாத்தியார்.

நெட்டைக்குக் கை மரத்துப்போய் ஜன்னல் அசையவில்லை. வாத்தியாரே எழுந்து போய்ச் சாத்தினார். அந்த மேடையின் வலப்பக்கம் அவர் கால் பட்டது அன்றுதான். பிறகு தீர்ப்பு. தீர்ப்பு என்னவென்று யாருக்கும் ஞாபகமில்லை. அரங்கில் அழாதவர்கள் இரண்டு பேர்தான்: வில்லு, மற்றும் திரைக்குப் பின்னால் பத்திரிகையை எடுத்து விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்த மனைவி.

கமிட்டி மேடைக்கே ஏறி வந்தது. கப்பல் எஞ்சினியர் வாத்தியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வகுப்பு உங்களுக்குத்தான் சார். இதுல பேச்சே இல்லை."

"அது என்னுது இல்லைங்க," என்றார் வாத்தியார்.

"பெரிய மனுஷங்க இப்படித்தான் சொல்வாங்க."

"இல்லைங்க. எனக்கு வசனம் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமா இவதான் சொல்லுவா. இவ படிச்சு முடிக்கற வரைக்கும் நான் காத்திருப்பேன். அதைத்தான் நீங்க மௌனம்னு..." அதற்குமேல் வார்த்தை வராமல் நின்றார். தலை பழக்கத்தில் சாய்ந்தது.

"பாருங்க, பாருங்க," என்று கமிட்டி அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள்.

மொத்தத்தையும் புரியவைக்க முக்கால் மணி நேரமானது. மூன்று முறை கைதட்டினார்கள். மூன்று முறையும் வாத்தியார் கெஞ்சி நிறுத்தினார். மாணவர்கள் சுற்றி நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. நெட்டை மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டே, "அப்ப அந்த விளக்கு?" என்றாள்.

"விளக்கெல்லாம் இல்லம்மா," என்றார் வாத்தியார்.

"அப்பாடா," என்றாள் அவள். "எனக்குத்தான் ஏறலைன்னு நினைச்சேன்."

முதல்வர் அம்மா நடைமுறை தெரிந்தவர். நேரே ஸ்டூலுக்குப் போனார். "அம்மா, திங்கட்கிழமையே வர முடியுமா?"

மனைவி எழுதினாள்: 'இன்னும் மூணு வாரம் பேசக் கூடாது.'

"மௌன வகுப்புதானே," என்றார் முதல்வர் அம்மா. "உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?"

திங்கட்கிழமை காலை மனைவி வகுப்புக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வாரப் பத்திரிகையைப் பிரித்தாள். இருபது தலைகளும் இடப்பக்கம் சாய்ந்தன. அவள் நிமிர்ந்து பார்த்து, சிலேட்டில் எழுதி உயர்த்திப் பிடித்தாள்: 'நேரா உட்காருங்க.' பத்தொன்பது வருஷப் பாடம் அந்த ஒரு வரியில் போனது. கழுத்து வலி வைத்தியர் அடுத்த மாதம் மாடியை வாடகைக்கு விட்டார்.

வாத்தியாருக்கும் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பேச முடியாத ஆசிரியையால் வருகைப் பதிவு எடுக்க முடியாதே. அவர் பதிவேட்டை விரித்து இருபது பெயரையும் வாசித்தார். பார்த்து வாசிப்பதுதான் என்றாலும், ஒரு பெயரும் தடுக்காமல் வாசித்தார். முடித்து, பதிவேட்டை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நான் போகலாமா?" என்றார்.

மனைவி படித்துக்கொண்டிருந்தாள். மாணவர்கள் குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தார்கள். வாத்தியார் கதவருகே நின்றார். அந்த வாரத்து அத்தியாயம் கொஞ்சம் பெரியது.